மூன்றாவது தடவையும் திருப்பி அனுப்பிவிட்டால்?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். வண்டிப்பெரியாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். எனக்கு 24 வயது, தலைப்பிரசவம், இப்போது 38 வாரம். பொங்கலை ஒட்டித் தேதி கொடுத்திருக்கிறார்கள். செக்கப், ஸ்கேன் எல்லாம் கம்பத்தில்தான், அம்மா வீடும் அங்கேதான். தம்பிக்குத் தையில் கல்யாணம் என்று வீட்டில் பெயிண்ட் வேலை நடப்பதால் இங்கேயே இருக்கிறேன். போன வாரம் இரண்டு தடவை ராத்திரியில் வலி வந்து, ஜீப் பிடித்துக் கம்பம் போனோம். இரண்டு தடவையும் பரிசோதித்துவிட்டு, "பொய் வலிதான், வீட்டுக்குப் போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்தான், "எனக்கு நாலும் இந்த லயத்துலதான் பிறந்துச்சு, இனிமே பொறுக்க முடியாம வந்தாத்தான் வண்டி" என்கிறார். போனில் ஒரு ஆப் போட்டிருக்கிறேன், அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வலி வந்தால் கிளம்பு என்கிறது. எங்களுக்கு மெயின் ரோட்டுக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆகும். யார் சொல்வதைக் கேட்பது? மூன்றாவது தடவையும் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? வலி வந்த பிறகு சாப்பிடலாமா, கூடாதா?

ஒரு வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்:

மூன்றாவது தடவையும் திருப்பி அனுப்பினால் நான்காவது தடவையும் போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் வலியைவிடக் கூச்சம்தான் அதிகம் தெரிகிறது. தலைப்பிரசவக்காரர்கள் வந்து, பார்த்து, திரும்பிப் போவது எந்த லேபர் வார்டிலும் தினசரி நடப்பது. அந்த இரண்டு ராத்திரியும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டிருப்பார்கள், உங்கள் பிரஷரைப் பார்த்திருப்பார்கள், கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கவில்லை என்று உறுதி செய்திருப்பார்கள். ஜீப் வாடகை போனது வாஸ்தவம்தான். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். பொறுக்க முடியாமல் வந்தால்தான் வண்டி என்கிற கணக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். வலி அந்த அளவுக்கு வரும்போது வாய் ஏழெட்டு சென்டிமீட்டர் திறந்திருக்கலாம். அந்த நிலையில் எஸ்டேட் ரோட்டில் முக்கால் மணி நேரம் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு வருவதை நினைத்துப் பாருங்கள்.

பொய் வலியும் வலிதான், நீங்கள் ஒன்றும் நடிக்கவில்லை. கடைசி மாதத்தில் கர்ப்பப்பை அவ்வப்போது இறுகித் தளரும். அதிகமாக வேலை பார்த்த நாளில், தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில், சிறுநீரை அடக்கி வைத்திருக்கும்போது இது கூடும். ராத்திரியில் நன்றாகவே தெரியும். பெரும்பாலும் அடிவயிற்றில் முன்பக்கமாகவே நின்றுவிடும். சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்து, இடது பக்கமாக ஒருக்களித்து ஒரு மணி நேரம் படுங்கள். படுத்திருக்கும்போது வந்த வலி என்றால் எழுந்து கொஞ்சம் நடங்கள். பொய் வலி என்றால் இதிலேயே தளர்ந்துவிடும். நிஜமான பிரசவ வலி இதற்கெல்லாம் அசையாது. அனேகமாகப் பின் இடுப்பில் பிடித்து முன்னால் சுற்றி வரும், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் நீளமாக, கடுமையாக, நெருக்கமாக இருக்கும். நடந்தால் இன்னும் கூடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் உண்டு. உங்களைப் போன்றவர்கள் அலைவது அங்கேதான். தலைப்பிள்ளைக்குக் கர்ப்பப்பை வாய் மெலிந்து, முதல் நாலைந்து சென்டிமீட்டர் திறப்பதற்கே பல மணி நேரம் ஆகும், சிலருக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும்கூட ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரையில், 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவம் வேகம் எடுக்கும் கட்டம் தொடங்குகிறது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு முழுதாகத் திறக்க, தலைப்பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேல் போகாது. அதற்கு முந்தைய கட்டத்துக்கோ இத்தனை மணி நேரம்தான் என்று வரையறையே கிடையாது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களை வீட்டில் இருக்கச் சொல்வோம். மலைமேல் இருப்பவர்களுக்கு அதையே சொல்வது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி நேரம் பார்க்கும் விதம். பெரும்பாலானவர்கள் வலி சுரீர் என்று உச்சத்துக்குப் போகும்போதுதான் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வயிறு இறுகத் தொடங்கும்போதே பார்க்க வேண்டும். தொடங்கியதிலிருந்து முழுதாகத் தளரும் வரை எத்தனை விநாடி என்பது ஒரு கணக்கு. ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்பது இன்னொரு கணக்கு. நடுவில் ஓய்வாக இருந்த நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு, "நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது சிஸ்டர்" என்று போனில் சொல்பவர்கள் நிறையப் பேர். சிஸ்டர் கேட்பது தொடக்கத்திலிருந்து தொடக்கம் வரை உள்ள நேரத்தைத்தான்.

ஆப் இல்லாவிட்டாலும் ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 1.40-க்கு ஒன்று, 25 விநாடி. 1.52-க்கு ஒன்று, 40 விநாடி. அப்புறம் 2.07, 20 விநாடி. 2.13, 30 விநாடி. அடுத்தது 2.35-க்குத்தான். இடைவெளியும் தாறுமாறு, நீளமும் தாறுமாறு. தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். இன்னொரு பக்கம்: 11.05, 40 விநாடி. 11.14, 45. 11.22, 45. 11.30, 50. 11.37, 55. இது வேறு ரகம். இடைவெளி இன்னும் ஐந்து நிமிடத்துக்கு வரவில்லை, ஆனால் ஒழுங்கு வந்துவிட்டது, நீளம் கூடிக்கொண்டே போகிறது. உங்கள் லயத்தில் இந்த இரண்டாவது பக்கத்தைப் பார்த்தால் வண்டிக்குச் சொல்லிவிடலாம்.

ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஐந்தாறு வலியை எழுதிவிட்டு நோட்டை மூடிவைத்துக் கொஞ்சம் தூங்கப் பாருங்கள். தூக்கத்தைக் கெடுக்காத வலி அவசர வலி இல்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஐந்தாறு எழுதி இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஆப்புக்குத் தெரியாத ஒன்று வயிற்றின் இறுக்கம். அதைக் கைதான் சொல்லும், அதுவும் இன்னொருவர் கை என்றால் நல்லது. தொப்புளுக்கு மேலே, வயிற்றின் உச்சியில் உள்ளங்கையை லேசாக வைத்து, வலி உச்சத்தில் இருக்கும்போது விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு நுனியைத் தொட்டதுபோல் விரல் அமுங்கினால் லேசான வலி. தாடையைத் தொட்டதுபோல் இருந்தால் நடுத்தரம். நெற்றியைத் தொட்டதுபோல் விரல் உள்ளே போகவே இல்லை என்றால் கர்ப்பப்பை வேலையை ஆரம்பித்துவிட்டது. லேபர் வார்டில் நர்ஸ்கள் கற்றுக்கொள்வதும் இதைத்தான். இந்தக் காரியத்தை உங்கள் மாமியாரிடம் கொடுங்கள் என்பது என் யோசனை. நாலு பிள்ளை பெற்றவர், அவர் கைக்கு இது சீக்கிரம் பிடிபடும். நம்மைக் கேட்டுத்தான் வண்டி கூப்பிடுகிறார்கள் என்ற திருப்தியும் அவருக்குக் கிடைக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் என்று ஆப் சொல்வது தவறில்லை. தலைப்பிரசவக்காரர்களுக்கு நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் கம்பம் டவுனில், ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடியவர்களுக்கான கணக்கு அது. நீங்கள் லேபர் வார்டு வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். எஸ்டேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு முக்கால் மணி. அங்கிருந்து குமுளி, மலை இறங்கி லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் என்று சாதாரண நாளிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரியில் ஜீப்காரரை எழுப்பி வண்டி வந்து சேர அரை மணி. ஆக இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் உங்களுக்கு எட்டு முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒழுங்காக, 40 விநாடிக்கு மேல், ஒரு மணி நேரமாக வருகிறது, படுத்தாலும் குறையவில்லை என்றாலே கிளம்பிவிடுங்கள். இதைப் படிக்கிறவர்களில் இரண்டாவது, மூன்றாவது பிரசவக்காரர்கள் இருந்தால், இவ்வளவு நேரம்கூடப் பார்க்க வேண்டாம். வலி ஒழுங்காக வரத் தொடங்கியதுமே வண்டி ஏறுங்கள். இரண்டாவது பிள்ளை சொல்லிக்கொண்டு வராது.

இதற்கெல்லாம் மேலான யோசனை ஒன்று இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும். அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுங்கள், இந்த வாரமே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று வைத்த நம் பெரியவர்கள் பெயிண்ட் அடிப்பதற்கு விலக்கு எதுவும் கொடுக்கவில்லை. வாடை பிடிக்கவில்லை என்றால் தெருவிலேயே ஒரு சித்தி வீடோ பெரியம்மா வீடோ இல்லாமலா போகும்? கொடுத்த தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான், மற்றதெல்லாம் முன்னே பின்னே. 38 வாரத்துக்கு மேல் எந்த ராத்திரியும் அந்த ராத்திரியாக இருக்கலாம். இரண்டு ஜீப் வாடகைக்குக் கம்பத்தில் எத்தனை நாள் ஆட்டோவில் போய் வந்திருக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். உடனே இறங்க முடியாத நிலை என்றால், நீங்கள் காட்டும் ஆஸ்பத்திரியில், தூரத்திலிருந்து வருகிறவர்களை முன்கூட்டியே சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். மலைக்கிராமத்திலிருந்து வருகிறவர் என்று சொன்னால் பல டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

உங்களைப் பொறுத்தவரை அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது சபரிமலை சீசன். மகரவிளக்கு முடியும் வரை குமுளி ரோட்டில் வண்டி எப்படி நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் அதிகமாகும் நாட்களில் ஐயப்பன்மார் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, குமுளி வழியை ஒருவழிப் பாதையாக்கிவிடுவதும் உண்டு. அன்றன்றைக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று ஜீப்காரரிடம் சாயங்காலமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் மறித்தால் பிரசவ கேஸ் என்று சொல்லி உங்கள் பைலைக் காட்டச் சொல்லுங்கள். வழி விடுவார்கள்.

108 விஷயத்தில் எல்லையோரத்துக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளத்திலும் 108தான், தமிழ்நாட்டிலும் 108தான். போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடலாம். அதனால் எடுத்த எடுப்பில் "இடுக்கி மாவட்டம், வண்டிப்பெரியாறு, இன்ன எஸ்டேட், இன்ன டிவிஷன்" என்று இடத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் வலியைச் சொல்லுங்கள். கேரள 108 வந்தால் பொதுவாக அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், கம்பத்துக்கு இறக்க மாட்டார்கள். அவசரம் என்றால் அதுவே நல்லது, பிடிவாதம் பிடிக்காதீர்கள். பீர்மேடு தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி மகப்பேறு டாக்டர் இருப்பாரா, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இருப்பாரா என்று உங்கள் பகுதி ஆஷா பணியாளரிடம் இப்போதே விசாரித்து வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றால் ஒருபக்கம் கோட்டயம் மெடிக்கல் காலேஜ், சுமார் 100 கிலோமீட்டர். இந்தப் பக்கம் க.விலக்கில் இருக்கும் தேனி மெடிக்கல் காலேஜ், கம்பத்துக்கு அப்பால் இன்னும் சுமார் 50 கிலோமீட்டர். ரெஃபர் செய்தால் இந்தத் தூரமும் சேரும் என்பதால்தான் சீக்கிரம் கிளம்பச் சொல்கிறேன்.

நேரமே பார்க்காமல் கிளம்ப வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. பனிக்குடம் உடைந்து நீர் போனால், வலி இருக்கிறதோ இல்லையோ, கிளம்ப வேண்டியதுதான். பலருக்குப் படங்களில் வருவதுபோல் குபுக்கென்று கொட்டாது. உள்பாவாடை நனைந்துகொண்டே இருக்கும், சிறுநீரா என்று சந்தேகம் வரும், அடக்கினாலும் நிற்காது. சுத்தமான துணி அல்லது நாப்கின் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் பதற்றம் வேண்டாம், கிளம்பினால் போதும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. நீரோடு சேர்ந்து கயிறுபோல் ஏதாவது வெளியே தென்பட்டால் அது தொப்புள்கொடி. அதை உள்ளே தள்ள முயல வேண்டாம். முட்டி போட்டு, தலையும் மார்பும் கீழே, இடுப்பு மேலே இருக்கும்படி குனிந்த நிலையிலேயே வண்டியில் வர வேண்டும்.

சளியோடு கலந்து கொஞ்சம் ரத்தம் வருவது சகஜம், வாய் மெலிகிறது என்று அர்த்தம், அதற்காக ஓட வேண்டாம். மாதவிலக்குபோல் சிவப்பாக ரத்தம் போனாலோ, இடைவெளியே இல்லாமல் வயிறு கல்லாக இறுகி நின்றாலோ உடனே கிளம்புங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. சந்தேகம் வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பிரசவம் நெருங்கினால் குழந்தை அசையாது என்று லயத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குவது எல்லாம் பிரஷர் ஏறியதற்கான அடையாளம். வலிப்பு வரும் வரை விடக்கூடாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை, குழந்தை தலைகீழாக இல்லாமல் குறுக்கே இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னவர்கள், 37 வாரம் ஆகாதவர்கள் ஆகியோர் முதல் வலிக்கே வர வேண்டியவர்கள்.

சீரகக் கஷாயம் குடித்தால் பொய் வலி நின்றுவிடும் என்பார்கள். தாராளமாகக் குடியுங்கள். சூடாக ஏதோ குடித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் பொய் வலி அடங்கும், அதைத்தான் நானும் மேலே சொன்னேன். ஆனால் விளக்கெண்ணெய் குடித்து வலியை வரவழைக்கும் வேலை வேண்டாம், வயிற்றுப்போக்கில் உடம்பு சோர்ந்துவிடும். அதைவிட ஆபத்து, வலி கூட ஒரு ஊசி போடுகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்து சொல்வது. குழந்தையின் துடிப்பைக் கண்காணிக்க வசதி இல்லாத இடத்தில் போடும் வலி ஊசியால் கர்ப்பப்பையே கிழிந்து போகலாம். சம்மதிக்காதீர்கள்.

பையை இன்றைக்கே கட்டி வையுங்கள். தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எழுதிய சீட்டு, இருவரின் ஆதார், வெளுத்த பருத்திச் சேலை இரண்டு, போன் சார்ஜர். அட்டை கேரளத்தில் போட்டதாக இருந்தால் கம்பத்தில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் 2011-லிருந்து பிரசவமும் சிசேரியனும் மத்திய அரசுத் திட்டத்தில் இலவசம். குழந்தை எங்கே பிறக்கிறதோ அந்த ஊரில்தான் பிறப்புச் சான்றிதழ் பதிவாகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு சான்றிதழுக்காக வண்டிப்பெரியாறு பஞ்சாயத்து ஆபீசில் போய் நிற்க வேண்டாம்.

வண்டியில் மல்லாக்கப் படுக்காதீர்கள், குழந்தையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இடது பக்கம் சாய்ந்திருங்கள், கூட ஒரு பெண்பிள்ளை வரட்டும். இவ்வளவுக்குப் பிறகும் வழியிலேயே முக்கல் வந்து தலை தெரிந்துவிட்டால் ஜீப்பை ஓரம் கட்டச் சொல்லுங்கள். குழந்தையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தானாக வருவதைத் தாங்கிக்கொண்டால் போதும். வந்ததும் துணியால் நன்றாகத் துடைத்து, அம்மாவின் வெறும் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். மார்கழிக் குளிரில் இது ரொம்ப முக்கியம். தொப்புள்கொடியைப் பிளேடால் அறுக்கக்கூடாது. நஞ்சுக்கொடியை இழுக்கவும் கூடாது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கடைசியாகச் சாப்பாடு. வெறும் வயிற்றோடு வராதீர்கள். சிசேரியன் ஆனால் என்ன செய்வது என்று பயந்து முந்தின நாளிலிருந்தே பட்டினி கிடப்பவர்கள் உண்டு, பிறகு முக்கத் தெம்பில்லாமல் தவிப்பார்கள். வலி தொடங்கிய நேரத்தில் இட்லி, கஞ்சி, பால், வாழைப்பழம் மாதிரி கொஞ்சம் சாப்பிடுங்கள், தண்ணீரும் குடித்துக்கொண்டே இருங்கள். பிரியாணி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வலியில் வாந்தி வரும். மலைப்பாதை வளைவுகளில் இறங்கும்போது அது போதும் போதும் என்றாகிவிடும். ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு டூட்டி சிஸ்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள்.